பதவி உயர்வு நேரத்துல உங்ககிட்ட என்ன கேட்டாங்க?

கணக்கு டீச்சர்

பதினாலு மாசம் ஆச்சு, இன்னும் உறுத்துது. அதான் இங்க கொட்டுறேன்.

பள்ளி முதல்வர் பதவிக்கு நேர்காணல். உள்ளே அஞ்சு பேர், அஞ்சும் ஆண்கள். எனக்கு முன்னாடி போன சார் வெளியே வந்து, "பட்ஜெட், ரிசல்ட், புதுக் கட்டடம் பத்தித்தான் கேக்குறாங்க, பயப்படாதீங்க மேடம்"னு சொல்லிட்டுப் போனார். நல்ல மனுஷன். நான் எல்லாப் புள்ளிவிவரத்தையும் இன்னொரு தடவை மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டுப் போய் உக்காந்தேன்.

முதல் கேள்வி: "ராத்திரி பத்து மணிக்கு ஹாஸ்டல்ல ஒரு பிரச்சினைன்னா வர முடியுமா? வீட்ல விடுவாங்களா?"

"எனக்கு முன்னாடி வந்தவர்கிட்ட இதைக் கேட்டீங்களா சார்?"னு திருப்பிக் கேட்டிருக்கணும். கேக்கல. "அத்தை வீட்லதான் இருக்காங்க சார், பையனைப் பாத்துக்குவாங்க"னு பவ்யமா பதில் சொன்னேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் ஃபைல் மேஜை மேல கிடக்கு. கடைசி வரைக்கும் யாரும் அதோட நாடாவை அவிழ்க்கல. நடுவுல இருந்தவர் தன் மூக்குக்கண்ணாடியை அது மேல கழட்டி வச்சிருந்தார்.

அவங்க கேட்டதைக்கூட மறந்துடுவேன். நான் பதில் சொன்னதை மறக்க முடியல.

மூணாவது மாடி

எனக்கு நேர்காணல் எல்லாம் இல்ல, சீனியாரிட்டிதான். பேனல்ல, அதாவது பதவி உயர்வுப் பட்டியல்ல, பேர் வந்துருச்சு. போட்ட ஸ்கூல் ரொம்பத் தூரம், பொண்ணு அப்போ பத்தாவது. ரெண்டு ராத்திரி தூங்காம யோசிச்சு, வேண்டாம்னு எழுதிக் குடுக்கலாம்னு ஆபீஸுக்குப் போனேன். எப்படி எழுதணும்னு கிளார்க்கைக் கேட்டேன்.

அவர் டிராயரைத் திறந்து ஒரு ஜெராக்ஸ் தாளை உருவிக் குடுத்தார். பேரும் தேதியும் மட்டும் காலி. காரணம் ஏற்கெனவே அடிச்சிருக்கு: "எனது குடும்பச் சூழ்நிலை காரணமாக." கீழ கையெழுத்துப் போடுற இடத்துல 'ஆசிரியர்'னு கூட இல்லைங்க, 'ஆசிரியை'. டிராயர்ல அந்தக் கட்டு ஒரு விரல் தடிமனுக்கு இருந்தது.

போட்டுட்டு வந்தேன். எனக்கு ஜூனியர் மூணு பேர் இப்போ ஹெச்.எம்.

ஓரமா ஒருத்தன்

அடிக்க வராதீங்க, ஆனா ஒண்ணு சொல்றேன். சீனியாரிட்டி லிஸ்டுக்கு ஆணா பெண்ணான்னு தெரியாது. மூணாவது மாடி மேடம், கையெழுத்துப் போட்டது நீங்கதானே? ஜெராக்ஸ் மேல எதுக்குக் கோபம்? திறமை இருந்தா யாரும் தடுக்க முடியாது. ஹன்சா மேத்தா 1949-லேயே பரோடா பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர். ஆக்ஸ்போர்டுக்கு முதல் பெண் துணைவேந்தர் வந்ததே 2016-லதான். அப்போ நம்ம நாடு ஒண்ணும் மோசமில்லையே.

என் அனுபவம்னா, எனக்கு மேல இருந்த ஒரு டீச்சர் வேண்டாம்னு எழுதிக் குடுத்ததாலதான் ஹெச்.எம். பதவி எனக்கு வந்தது. நான் சார்ஜ் எடுத்த அன்னிக்கு அவங்கதான் சாவிக்கொத்தைக் கையில வச்சுக்கிட்டு, எந்தச் சாவி எந்த பீரோவுக்கு, எந்தப் பூட்டை லேசாத் தூக்கித் திறக்கணும்னு ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தாங்க. பதினேழு சாவி. ஏன் வேண்டாம்னாங்கன்னு நான் கேக்கல. இந்த இழையைப் படிச்சப்போ அது ஞாபகம் வந்துச்சு, அவ்வளவுதான்.

சாயங்கால பஸ்

ஓரமா ஒருத்தன் சார், பதினேழு சாவியும் தெரிஞ்சவங்க ஏன் வேண்டாம்னாங்கன்னு இப்பவாவது போன் பண்ணிக் கேளுங்க.

லிஸ்டுக்கு ஆண் பெண் தெரியாதுன்னு சொல்றது பாதிதான் உண்மை. அந்த லிஸ்ட்ல நிலைச்சு நிக்க யாரை விட்டாங்கன்னும் பாக்கணும். இங்கிலாந்துல 1944 வரைக்கும் கல்யாணம் ஆன டீச்சரை வேலையை விட்டு அனுப்ப உள்ளாட்சி அமைப்புகளுக்கு அதிகாரம் இருந்தது. அயர்லாந்துல ஆரம்பப் பள்ளி டீச்சர்களுக்கு இதே தடை 1934-ல வந்து 1958 வரைக்கும் இருந்தது. கல்யாணத்தோட வேலை போனவங்க எந்த லிஸ்ட்ல மேலே வருவாங்க? அமெரிக்காவில சிகாகோ நகரப் பள்ளிகள் மொத்தத்துக்கும் எலா ஃப்ளாக் யங்னு ஒரு அம்மா 1909-லேயே தலைமைக் கண்காணிப்பாளர். நூறு வருஷம் தாண்டியும், அந்த நாட்டுல ஆசிரியர்கள்ல நாலுல மூணு பேர் பெண்கள், கண்காணிப்பாளர்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தர்தான். ஒரு ஹன்சா மேத்தாவைக் காட்டி ஊர் வாயை அடைக்காதீங்க.

என் கதை சின்னது. துறைத்தலைவர் விண்ணப்பத்துல 'நிர்வாக அனுபவம்'னு ஒரு கட்டம். பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். பதினஞ்சு வருஷமா எனக்கு வந்த பொறுப்பு எல்லாம் கலைவிழா, வரவேற்புக் குழு, மாணவிகளுக்கு ஆலோசனை. தேர்வுப் பிரிவு, டைம்டேபிள், கொள்முதல் கமிட்டி ஒரு தடவைகூட வரல. "நீங்க பேசினா நல்லா இருக்கும் மேடம்"னு சொல்லிச் சொல்லியே மைக்கைக் கையில குடுத்துட்டாங்க, ரெஜிஸ்டரைக் குடுக்கல.

பழைய ஹெச்.எம்.

எல்லாத்தையும் படிச்சேன். அனுபவம்னா எனக்கும் ஒண்ணு உண்டு: ரிசல்ட் தரைமட்டம், தணிக்கை ஆட்சேபணை அடுக்கடுக்கா, மூணு ஆண்கள் வேண்டாம்னு ஒதுங்கின ஸ்கூலை என்கிட்ட நீட்டி "உங்களாலதான் முடியும்"னாங்க. குளிர்ந்து போய் வாங்கிக்கிட்டேன். முதல் வாரமே ஒரு ஆட்சேபணைக்குப் பதில் கேட்டு மெமோ. நான் சேர்றதுக்கு ஆறு வருஷம் முந்தைய கணக்கு அது. இதுக்குக் 'கண்ணாடி மலைமுகடு'னு பேரு வச்சிருக்காங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. மிஷெல் ரையன், அலெக்ஸ் ஹாஸ்லம்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2005-ல பிரிட்டன் கம்பெனி இயக்குநர் நியமனங்களை வச்சு எழுதினது. கவிழப் போற நேரத்துல பெண்ணைக் கூப்பிட்டு உக்கார வைக்கிறது. கம்பெனிக்குன்னு சொன்னாலும் நம்ம தொழிலுக்கும் அச்சா பொருந்தும்.

சரி, இளைய டீச்சர்களுக்குச் சொல்றேன், யாரும் கேக்காட்டியும் சொல்றேன். சார்ஜ் எடுக்கும்போது சிரிச்ச முகத்தோட கையெழுத்துப் போடாதீங்க. கேஷ் புக்கையும் பாஸ் புக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு முந்தின நாள் இருப்பு ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஸ்டாக் ரெஜிஸ்டர்ல 'மைக்ராஸ்கோப் 4'னு இருந்தா நாலையும் கண்ணால பாருங்க. ரெண்டுதான் இருந்தா அதை அங்கேயே எழுதி, முந்தினவர் கையெழுத்தையும் வாங்குங்க. நிலுவையில இருக்கிற ஆட்சேபணைகளைத் தனிப் பட்டியலாக் கேளுங்க. "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா"னு சொன்னா அன்னிக்கு சார்ஜ் எடுக்காதீங்க. வாய்மொழியா 'பொறுப்பு' குடுத்தா ஆர்டர் கேளுங்க. ஆர்டர் இல்லாம ரெண்டு வருஷம் பொறுப்புப் பார்த்தாலும் அந்த நிர்வாக அனுபவக் கட்டத்துல அது ஏறாது. சாயங்கால பஸ், மைக்கை வாங்கும்போதே "அடுத்த வருஷம் தேர்வுப் பிரிவு வேணும்"னு எழுத்துல குடுத்து, நகல்ல சீல் வாங்கி வைங்க. மறுத்தாலும் கேட்டதுக்குச் சாட்சி இருக்கும். பொதுவா ஒரு டீச்சர் தன் சம்பள பில்லைத் தானே சரிபார்க்கக் கத்துக்கிட்டா பாதிக் கிளார்க் ராஜ்யம் அங்கேயே முடிஞ்சிடும். இன்னும் நிறைய இருக்கு, கண் வலிக்குது.

நாலே வரி

எல்லாரும் ஆண்களையே சொல்றீங்க. எனக்குக் குறுக்கே நின்னது ஒரு பெண் முதல்வர். "நான் குழந்தையைக் காய்ச்சலோட விட்டுட்டு வந்துதான் இந்த நாற்காலியில உக்காந்தேன், உனக்கு மட்டும் எதுக்குச் சலுகை?"னு கேட்டாங்க. நான் கேட்டது ஒரே ஒரு மதியம்.

அவங்க கண் கலங்கியிருந்தது. அதனாலதான் திட்டவும் முடியல.

சுண்ணாம்புக்கட்டி

என்னுது சண்டைக்கதை இல்ல. எங்க ஸ்கூல்ல முன்னாள் தலைமையாசிரியர் பேரெல்லாம் எழுதின மரப்பலகை ஒண்ணு உண்டு. ஆரம்பத்துல எழுதின பெயின்டர் ரொம்ப முன்யோசனைக்காரர். வரிசை நேரா வரணும்னு பலகையோட அடிவரைக்கும் 'திரு.' 'திரு.' 'திரு.'னு அப்பவே எழுதி வச்சிட்டார். பேர் மட்டும் அப்பப்போ நிரப்பிக்கிட்டா போதும்.

பதினோராவதா நான். முதல் பெண். வந்த பெயின்டர் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் புள்ளிக்கும் என் பேருக்கும் நடுவுல இருந்த துளி இடத்துல, நெருக்கி நெருக்கி 'மதி'ன்னு எழுதினார். திரு.மதி.

எனக்குக் கல்யாணம் ஆகல. வயசு அம்பத்தொண்ணு. சொன்னேன். "இடம் இதுக்குத்தான் மேடம் இருக்கு"ன்னார்.

கணக்கு டீச்சர்

அந்தப் புள்ளி இன்னும் இருக்கா?

சுண்ணாம்புக்கட்டி

இருக்கு. எனக்குக் கீழ இன்னும் ஆறு 'திரு.' காலியா இருக்கு.