கணவன், மனைவி சேர்ந்து முழு உணவுக்கு மாறுவது: சமையல் ஒன்று, பசி இரண்டு. அளவு எப்படி வைப்பது?

இருதட்டு கேட்டது:

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பாக்கெட் தீனி, மைதா, இனிப்புப் பானங்களைக் கழித்துவிட்டு முழு தானியம், பயறு, காய், பழம், கொட்டை வகைகள் என்று மாறுகிறோம். அவர் 80 கிலோ, 175 செ.மீ., வயது 35. நான் 58 கிலோ, 158 செ.மீ., வயது 33. இருவருக்கும் உட்கார்ந்த வேலை. அவருக்கு எடை குறைய வேண்டும். எனக்கு இப்போதைய எடையே போதும்.

தனித்தனிச் சமையல் நடக்காது. ஆனால் ஒரே சாப்பாட்டில் அவருக்குப் பசி அடங்குவதில்லை, எனக்கு வயிறு உப்பிக்கொள்கிறது. வார நாட்களில் அடுப்படியில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கவும் முடியாது. எவ்வளவு வைப்பது, எதை முன்கூட்டியே செய்து வைப்பது, உப்புசம் ஏன் வருகிறது? மன உறுதி பற்றிய அறிவுரை வேண்டாம், அளவுகள்தான் வேண்டும்.

---

அளவுக்கரண்டி:

முதலில் கணக்கு. மிஃப்லின் சூத்திரப்படி, சும்மா இருந்தாலே அவர் உடல் எரிப்பது சுமார் 1,720 கலோரி, உங்கள் உடல் எரிப்பது 1,240. உட்கார்ந்த வேலைக்கு 1.4-ஆல் பெருக்கினால் அவருக்கு 2,400, உங்களுக்கு 1,740. எடை குறைக்க அவர் நாளைக்கு 400 கலோரி குறைக்கிறார் என்று வையுங்கள், 2,000-க்கு வந்துவிடுவார். அப்போது உங்கள் இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் வெறும் 250 கலோரி. அதனால்தான் தனிச் சமையல் தேவையில்லை என்கிறேன். 100 கிராம் வெந்த கொண்டைக்கடலையும் ஒரு சிறு கரண்டிச் சோறும் சேர்ந்தால் அந்த 250 வந்துவிடும். (சூத்திரம் தோராயம்தான். மூன்று, நான்கு வாரம் எடையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.)

சட்டியில் இருப்பது ஒன்றே, தட்டில் வைக்கும் விகிதம்தான் வேறு. பாதித் தட்டு காய்கறி, கால் பாகம் பயறு அல்லது முட்டை, மீன், கோழி போன்றவை, மீதிக் கால் பாகம் தானியம் என்று இருவருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் இரண்டாம் முறை வாங்கினால் பயறும் காயும் மட்டும். அவருக்குப் பசி அடங்காததற்குப் பெரும்பாலும் புரதக் குறைவுதான் காரணமாக இருக்கும். எடை குறைக்கும்போது தசை கரையாமல் இருக்க கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்தால் அவருக்கு 96 கிராம் வேண்டும். காயும் சோறும் மட்டும் வைத்து அந்த அளவை எட்டவே முடியாது. 100 கிராம் வெந்த பயறில் 9 கிராம், ஒரு முட்டையில் 6, 200 கிராம் தயிரில் 7, 100 கிராம் வெந்த கோழி நெஞ்சுக்கறியில் 30 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும். சைவம் என்றால் ஒவ்வொரு வேளையிலும் பயறோ தயிரோ டோஃபுவோ இருந்தாக வேண்டும். இரவுக்கு மொத்தமாக ஒதுக்கிவைத்தால் மாலை நாலு மணிக்கே டப்பாவைத் துழாவத் தொடங்கிவிடுவார்.

கணக்கு கவிழ்வது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: எண்ணெய், கொட்டைகள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. பாட்டிலிலிருந்து நேராக ஊற்றினால் இருவர் சமையலுக்கு நாலு கரண்டி போவது கண்ணுக்கே தெரியாது, அதுவே 480. பாதாம் 30 கிராம் 170 கலோரி. "உடம்புக்கு நல்லது" என்று கிண்ணத்தில் கொட்டி டிவி முன் வைத்தால் 100 கிராம் போய்விடும், கிட்டத்தட்ட 580. காய்கறியை எடை போடவே வேண்டாம், சோற்றை முதல் ஒரு வாரம் போட்டுப் பார்த்தால் கண் பழகிவிடும். எண்ணெயையும் கொட்டையையும் மட்டும் எப்போதும் அளந்தே எடுங்கள்.

---

ஊறிய பயறு:

உப்புசத்துக்கு வருகிறேன். நார்ச்சத்தை ஒரே தாவலில் கூட்டியிருப்பீர்கள். மைதா, வெள்ளைச் சோறு என்று இருந்தவர்களுக்கு நாளைக்கு 15 கிராம் கிடைத்தாலே அதிகம். அங்கிருந்து திடீரென 40-க்குப் போனால் குடல் பாக்டீரியாக்கள் புளிக்க வைத்து வாயு கிளப்பத்தான் செய்யும். 1,000 கலோரிக்கு 14 கிராம் என்பது பொதுவான கணக்கு. உங்களுக்கு 25, அவருக்கு 28 போதும். அவர் சாப்பிடும் அதே அளவு காயும் பயறும் நீங்களும் சாப்பிட்டால் உங்களுக்குத்தான் சுமை கூடுதல்.

வாரத்துக்கு 5 கிராம் வீதம் ஏற்றுங்கள். முதல் வாரம் காலை உணவை மட்டும் மாற்றுங்கள்: 40 கிராம் ஓட்ஸ், அதில் 4 கிராம் நார். அடுத்த வாரம் தோலோடு ஒரு ஆப்பிள், இன்னொரு 4. மூன்றாம் வாரம்தான் பயறு, அதுவும் 50 கிராம் வெந்ததிலிருந்து. தோல் நீக்கிய பருப்பில் ஆரம்பித்தால் இன்னும் நல்லது. தண்ணீர் கூடவே ஏற வேண்டும், இல்லாவிட்டால் உப்புசம் மலச்சிக்கலில் முடியும். மெதுவாக ஏற்றியும் வலியோ வயிற்றுப்போக்கோ நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயறில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் கிடையாது, பெருங்குடலுக்குப் போய்த்தான் புளிக்கும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைத்தால் ஒரு பகுதி நீரோடு போய்விடும். அந்த நீரில் சத்து இருக்கிறது என்று அப்படியே வேகவைப்பவர்கள் வாயுவையும் சேர்த்தே வேகவைக்கிறார்கள்.

சேமித்து வைக்க: 250 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையை ஒரு தேக்கரண்டி உப்பு போட்ட நீரில் 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். உப்பு தோலை இளக்கும். வெந்தால் 550 முதல் 600 கிராம் வரும், இருவருக்கு இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும். வேகவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்று: பயறு பழசு, தண்ணீர் கடினம், அல்லது தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பை முன்னாலேயே போட்டது. புளிப்பு எப்போதும் வெந்த பிறகுதான். கடின நீருக்கு கால் தேக்கரண்டி சமையல் சோடா உதவும். அதற்கு மேல் போனால் குழைந்து, சோப்பு வாடை வரும்.

ராஜ்மா மட்டும் தனி ஜாதி. அதிலுள்ள லெக்டின் நச்சு சரியாகக் கொதித்தால்தான் அழியும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, நீரை மாற்றி, தளதளவென்று 30 நிமிடமாவது கொதிக்க வையுங்கள். மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் நேராகப் போடாதீர்கள். அந்த வெப்பம் நச்சை அழிக்கப் போதாது, அரைவேக்காட்டு ராஜ்மா பச்சை ராஜ்மாவை விட மோசம். வாந்தி சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும்.

பழுப்பரிசிக்கு 6 மணி நேர ஊறல், ஒன்றுக்கு இரண்டு பங்கு நீர். வெள்ளை அரிசியோடு கலக்க நினைத்தால் பழுப்பை மட்டும் ஊறவைத்து முதலில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் ஒன்று குழையும், மற்றது பல்லை உடைக்கும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும், மொத்தமாக வாங்காதீர்கள். சோற்றைச் சேமித்து வைப்பதாக இருந்தால் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில். பேசிலஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது. வெளியே கிடந்தால் முளைத்து நச்சை விடும், பிறகு சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது.

---

லேபிள் வாசகன்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஒரு மாற்றுக் கருத்து: பாக்கெட் என்றாலே தள்ளிவிடாதீர்கள். உறைய வைத்த பட்டாணி, கீரை, சாதா ஓட்ஸ், இனிப்பில்லாத தயிர், நீரில் அடைத்த டப்பாப் பயறு (அலசினால் உப்பு குறையும்) எல்லாம் பாக்கெட்தான். அரை மணி நேரச் சமையலுக்கு இவைதான் கைகொடுக்கும். காயை வெட்டவே இருபது நிமிடம் போனால் மூன்றாம் நாள் வெளியே ஆர்டர் செய்வீர்கள்.

விலக்க வேண்டியது மிகை பதப்படுத்தலை (சிப்ஸ், இனிப்புப் பானம் போன்ற ஆலைத் தயாரிப்புகள்). அமெரிக்காவில் கெவின் ஹால் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேரை ஒரே இடத்தில் தங்கவைத்து, மிகை பதப்படுத்திய உணவு, பதப்படுத்தாத உணவு இரண்டையும் தலா இரண்டு வாரம் கொடுத்தார்கள். பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் ஏறத்தாழ ஒன்றே, வேண்டிய அளவு சாப்பிடலாம். மிகை பதப்படுத்தியதைச் சாப்பிட்டபோது நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, சாப்பிட்ட வேகமும் அதிகம். உங்கள் கணவரின் பசிக்கு இதிலும் ஒரு துப்பு இருக்கிறது: மெல்ல வேண்டிய உணவாகக் கொடுங்கள். பழத்தை ஜூஸாக்க வேண்டாம், ஓட்ஸை மாவாக்க வேண்டாம்.

லேபிளில் பொருட்கள் எடை வரிசையில் இருக்கும். "பல தானிய" பிரெட்டில் முதல் பெயர் சுத்திகரித்த கோதுமை மாவு என்றால் அது மைதா பிரெட்தான், மேலே தூவிய எள் வெறும் அலங்காரம். மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப் எல்லாம் சர்க்கரைக் கூட்டம்.

---

இருதட்டு:

250 கலோரி கணக்கைப் பார்த்தபின் பாதி கவலை போய்விட்டது, நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. நான் காலையில் தைராய்டு மாத்திரை போடுகிறேன், ஓட்ஸோடு பிரச்சினை வருமா? அவர் மொறுமொறுப்பு இல்லாமல் இருக்கவே மாட்டார், சிப்ஸுக்குப் பதில் என்ன?

---

ஊறிய பயறு:

லெவோதைராக்ஸின் என்றால் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, 30 முதல் 60 நிமிடம் கழித்துச் சாப்பிடுங்கள். நார்ச்சத்து உறிஞ்சுதலைக் குறைக்கும். காபிக்கும் அதே இடைவெளி, கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 4 மணி நேரம். உணவில் நார் நிறையக் கூடியிருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லலாம். இரும்புச்சத்திலும் உங்கள் தேவை அவருடையதை விட நன்றாகவே கூடுதல். பயறின் மேல் எலுமிச்சை பிழியுங்கள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ வேண்டாம்.

மொறுமொறுப்புக்கு: வெந்த கொண்டைக்கடலை 250 கிராம், துணியில் பரப்பி ஈரம் போக நன்றாகத் துடையுங்கள் (இந்த வேலையைத் தவிர்த்தால் மொறுமொறுப்பே வராது). ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் புரட்டி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, 200 டிகிரி ஓவனில் 30 முதல் 35 நிமிடம், நடுவில் ஒருமுறை குலுக்கிவிடுங்கள். மசாலாத் தூளைக் கடைசி ஐந்து நிமிடத்தில் தூவுங்கள், முன்னாலேயே போட்டால் கருகிக் கசக்கும். சூட்டோடு மூடினால் சொதசொதவென்று ஆகிவிடும். அன்றைக்கே தீர்ந்துவிடும் அளவு மட்டும் செய்யுங்கள்.

---

அளவுக்கரண்டி:

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சோறு, மாவு, இனிப்பைச் சட்டென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மாற்றும் முன்பே மருந்தளவைக் கேட்டுவிடுங்கள். வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை) எடுப்பவர்கள் கீரையை ஒரே சீரான அளவில் சாப்பிட வேண்டும், திடீரென்று கூட்டக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மேலே சொன்ன பயறு, கொட்டை, புரத அளவுகள் பொருந்தாது. பொட்டாசியம் பார்த்துத்தான் பட்டியல் போட வேண்டும்.