நங்கூரமா, முளையா?

நண்பர்களே,

ஆங்கர் போல்ட்டுக்கு, அதாவது சுவரில் துளை போட்டுப் பொருளை மாட்ட முடுக்கும் ஆணிக்கு, தமிழில் என்ன பெயர் வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். 'நங்கூர ஆணி' என்றே முடிவாகிவிடும் போலிருக்கிறது. அதற்கு முன்னால், பாலக்கோட்டில் எங்கள் மொட்டை மாடியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன சித்திரையில் மாங்காயை எல்லாம் உதிர்த்துக்கொண்டு ஒரு காற்று வந்தது. எங்கள் டிஷ் கைப்பிடிச் சுவரிலிருந்து பிய்ந்து கேபிளில் தொங்கியது. மேலே போய்ப் பார்த்தால் ஆணி ஒன்றுகூட வளையவில்லை. நான்கில் மூன்று, செங்கல் சில்லோடு வெளியே வந்து கிடந்தன. ஒன்றில் பூச்சு மோதிரம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஆணி வேலை செய்யும் விதம் அப்படி. துளைக்குள் விட்டு மரையை முடுக்கினால், அடியில் இருக்கும் கூம்பு மேலே ஏறும். அதைச் சுற்றிய உறை விரிந்து துளையை நெரிக்கும். பிடிப்பு முழுக்க அந்த நெரிப்பில்தான். கான்கிரீட் தாங்கும். செங்கல், அதிலும் விளிம்போரச் செங்கல், பிளந்துவிடும். மாட்ட வந்த தம்பி ஓரத்திலிருந்து மூன்று விரற்கடையில் துளை போட்டிருந்தார். காற்றின் வேகம் இரட்டித்தால் டிஷ்ஷைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அந்தச் செங்கல் என்ன செய்யும், பாவம்!

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'நங்கூரம்' என்றால் பிடித்து நிறுத்தும் என்பது புரியும், எப்படி என்பது புரியாது. ஒகேனக்கல் பரிசலுக்கு ஏது நங்கூரம்? பெயரில் 'விரி' இருக்கவேண்டும் என்பது என் கட்சி. முதலில் 'விரியாணி' என்று எழுதி, வீட்டில் சத்தமாகப் படித்தேன். "எந்தக் கடையில்ப்பா?" என்றாள் மகள். அதோடு விட்டுவிட்டேன்.

'விரிமுளை' எப்படி? ஊறுகாய் போல வினைத்தொகை. மாடு கட்ட முளை அடிப்பது எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். இளகிய மண்ணில் அடித்தால் மாடு முளையோடு போய்விடும் என்பதும் தெரியும். எதில் அடிக்கிறோம் என்ற கேள்வி பெயரோடு கூடவே வந்துவிடுகிறது. விதை முளையோடு குழம்பும் என்று ஒருவர் சொல்லக்கூடும். 'முளை அடித்தான்' என்றால் யாரும் நாற்றங்காலை நினைப்பதில்லையே.

மறுபடி மாட்டியபோது கைப்பிடிச் சுவர் பக்கமே போகவில்லை. மாடித் தளத்தைத் துளைத்தால் மழைக்கு ஒழுகும், அதுவும் வேண்டாம். படிக்கட்டு அறையின் கான்கிரீட் பீமில், தென்கிழக்கு வானம் மறையாத இடமாகப் பார்த்து, துளைத் தூசியை ஊதி எடுத்துவிட்டு முடுக்கினோம். படம் அனுப்பும் செயற்கைக்கோள் அந்தத் திசையில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிஷ் நிற்கும் தண்டு ஓரிரு பாகை சாய்ந்தாலே படம் போய்விடும், அதனால் ரசமட்டம் வைத்துத் தண்டை நேராக்கினோம்.

துளை போட்டவரிடம் 'விரிமுளை' பற்றிச் சொன்னேன். "முளை நல்லாத்தான் இருக்கு சார். ஆனா கடையில ஆங்கர்னு கேட்டாத்தான் குடுப்பான்" என்றார். அப்புறம் பையிலிருந்து, திருகாணிக்காகச் சுவர்த் துளையில் செருகும் பிளாஸ்டிக் பிளக் ஒன்றை எடுத்து, "இதுக்கு என்ன பேரு வெச்சீங்க?" என்று கேட்டார்.

'தக்கை' என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானா?