ஐப்பசி மழை பிந்தினால் புழுதி விதைப்பு நெல் தாங்குமா?

கேள்வி:
தேவகோட்டைக்கு அருகே எங்கள் கண்மாய் ஆயக்கட்டில் (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலத்தில்), புரட்டாசி நடுவில் மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்த நெல் ஒரே தூறலில் முளைத்துவிட்டு, பன்னிரண்டு நாட்களாக மழையின்றி நிற்கிறது. உச்சிவேளையில் ஊசிபோல் சுருளும் இலை, விடியற்காலையில் விரிந்துவிடுகிறது. அழித்துவிட்டு மறுபடி விதைக்கலாமா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள், ஐயா. காலையில் இலை விரிகிறதென்றால் பயிருக்கு உயிர் இருக்கிறது. நாலைந்து இடங்களில் நாற்றைப் பிடுங்கி, வேர் வெள்ளையாக உள்ளதா என்று பாருங்கள். காய்ந்த மண்ணில் யூரியா போடாமல் களையை மட்டும் எடுங்கள். மறுவிதைப்பில் எனக்கு உடன்பாடில்லை: வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் என்பதால், பிந்திய பயிர் கதிர் விடும்போது வானம் வெளுத்துவிடும், கண்மாயிலும் தண்ணீர் இல்லையென்றால் பதர்தான் மிஞ்சும். விதைத்தே தீரவேண்டுமென்றால் பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கென்று தந்த அண்ணா 4 போன்ற குறுகிய வயது ரகமே பொருந்தும்.

பதில் 2:
ஆடு வைத்திருந்தால் இதே மழைக்கு மேய்ச்சலிலும் கவனம் வேண்டும், அதையும் சேர்த்துச் சொல்கிறேன். மழை விழுந்த சில நாட்களில் செம்மண் பொட்டலெல்லாம் பச்சையாகிவிடும். பசித்த ஆடுகள் அந்த இளம்புல்லை வயிறு புடைக்கத் தின்றால் துள்ளுமாரி என்கிற குடல் நச்சு நோய் வரும், கொழுத்த குட்டியே முதலில் விழும். ஆகவே மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட்டு, காலையில் கொஞ்சம் வைக்கோல் கொடுத்தபின் மேய்ச்சலுக்கு ஓட்டுங்கள்.

கேட்டவர்:
பிடுங்கிப் பார்த்தேன், மேட்டுப்பக்கம் தவிர மற்ற இடங்களில் வேர் வெள்ளையாகவே இருக்கிறது. மேட்டில் மட்டும் உளுந்து விதைக்கலாமென்று நினைக்கிறேன்.