கருப்பை நீக்கம்: கீழ்வழியா, லேப்ராஸ்கோப்பா?

நிலா: வயது 46. நார்க்கட்டியோடு கருப்பை 10 வாரக் கர்ப்ப அளவு. சிசேரியன் இரண்டு. மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சுருள் எதற்கும் ரத்தப்போக்கு அடங்கவில்லை. கருப்பையை எடுக்கணும். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் கீழ்வழியா, வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பா, எது நல்லது?

ஈசூன்_தாதி: பிறப்புறுப்பு வழியை முதலில் கேளுங்க. வயிற்றில் வெட்டு கிடையாது, லேப்ராஸ்கோப் மாதிரி வயிற்றுக்குள் வாயு ஏற்றுவதும் கிடையாது. 12 வார அளவுக்குள், அதாவது சுமார் 280 கிராம் வரை, கருப்பை அசைந்து கொடுத்தால் தாராளமாகச் செய்யலாம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2017-லும் முடிந்தவரை இந்த வழியையே பரிந்துரைத்தது.

கத்திமுனை: இரண்டு சிசேரியனை மறந்துட்டீங்களே. தழும்பில் சிறுநீர்ப்பை கருப்பையின் முன்சுவரோடு ஒட்டிக்கிடக்கலாம். கீழிருந்து பிரிக்கும்போது எது தழும்பு, எது சிறுநீர்ப்பை என்று தெரிவது கஷ்டம். லேப்ராஸ்கோப்பில் சிறுநீர்ப்பைக்குள் 200 மி.லி. உப்புநீர் விட்டால் சிறுநீர்ப்பையின் விளிம்பு தெரிந்துவிடும், ஒட்டாத பக்கவாட்டிலிருந்து பிரித்து வரலாம். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது) இருந்தாலும் கண்ணில் படும்.

ஈசூன்_தாதி: கண்ணில் படுவதால் மட்டும் ஆபத்து குறைந்துவிடாது. 2004-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் பெரிய சிக்கல்கள் லேப்ராஸ்கோப்பில் 11.1%, வயிற்றைத் திறந்து செய்ததில் 6.2%. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் சிறுநீர்க்குழாய் கருப்பைத் தமனிக்கு அடியில், கருப்பை வாயிலிருந்து சுமார் 2 செ.மீ. தூரத்தில்தான் ஓடுகிறது. தமனியைச் சுடும் கருவியின் வெப்பம் அதைத் தொட்டால் அன்றைக்குத் தெரியாது. கடைசியில் சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்தாலும் சிறுநீர் சரியாகப் பீய்ச்சும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் திசு செத்து ஒழுகத் தொடங்கும்.

கத்திமுனை: அதே ஆய்வில் பிறப்புறுப்பு வழியோடு ஒப்பிட்ட பகுதியையும் சொல்லணும்: லேப்ராஸ்கோப்பில் 9.8%, பிறப்புறுப்பு வழியில் 9.5%.

ஈசூன்_தாதி: அந்தப் பகுதி சிறியது. அதை வைத்து இரண்டும் ஒன்று என்று சொல்ல முடியாது.

கத்திமுனை: ஏற்கிறேன். ஆனால் வெப்பக் காயத்தைத் தவிர்க்க வழி உண்டு. கீழிருந்து கிண்ணம் வைத்த கருவியால் கருப்பையை நன்றாக மேலே தள்ளினால் சிறுநீர்க்குழாய் விலகும். தமனியைக் கிண்ண விளிம்பை ஒட்டி, விட்டுவிட்டுச் சுடணும். தள்ளுகிற உதவியாளர் கை தளர்ந்தால்தான் வினை.

நிலா: ரோபோ கருவி வைத்துச் செய்வது?

கத்திமுனை: புற்றுநோய் இல்லாத கருப்பைக்கு, சாதாரண லேப்ராஸ்கோப்பைவிட அது மேல் என்று ஆய்வுகள் காட்டவில்லை. மெடிசேவில் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) எடுக்கும் தொகைக்கு வரம்பு உண்டு, மிச்சம் கையிலிருந்துதான். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்க.

ஈசூன்_தாதி: இதில் எனக்கும் அதே கருத்துதான். கட்டியை நறுக்கி எடுப்பார்களா என்றும் கேளுங்க. நார்க்கட்டி போலவே மறைந்திருக்கும் சார்க்கோமா என்ற புற்றுநோயை, நறுக்கும் சுழல்கத்தி வயிற்றுக்குள் சிதறடிக்கலாம் என்று அமெரிக்க மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014-ல் எச்சரித்தது. 350 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது அன்றைய கணக்கு. 10 வார அளவு முழுதாகவே கீழே வந்துவிடும், நறுக்கியே ஆகணும் என்றால் பைக்குள் வைத்து. கருப்பை உட்சுவர்த் திசுப் பரிசோதனை முடியாமல் தேதி குறிக்காதீங்க.

கத்திமுனை: கருப்பை கீழே இறங்கி வருகிறதா என்று நேரில் பரிசோதிக்காமல் யாரும் முடிவு சொல்ல முடியாது. இறங்கினால், தழும்பு இருந்தாலும், கீழ்வழியில் கை பழகியவரிடம் ஈசூன் தாதி சொல்வது நடக்கும். போன வருஷம் அந்த வழியில் எத்தனை செய்தீங்க, எத்தனை பேருக்கு வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது என்று டாக்டரிடமே கேளுங்க.