அத்லெடிக் டிரெயினிங் மாஸ்டர்ஸ்: கெமிஸ்ட்ரியில் சிக்கி நிற்கிறது

வணக்கம். சென்னையில் பி.பி.டி. (பிசியோதெரபி இளங்கலை) முடித்துவிட்டு, அமெரிக்காவில் அத்லெடிக் டிரெயினிங் (விளையாட்டு வீரர்களின் காயங்களைத் தடுத்து, சிகிச்சை தரும் துறை) முதுகலைக்கு ஏடிகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பிக்கிறேன். ஜூனில் வகுப்பு தொடங்கும். விண்ணப்பத்துக்கு ஜனவரி பாதி வரைதான் நேரம்.

இந்தத் துறைப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமெரிக்க அமைப்பான சி.ஏ.ஏ.டி.இ.யின் அங்கீகாரம் பெற்ற படிப்பில் சேர உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், அனாட்டமி, ஃபிசியாலஜி எல்லாம் கல்லூரி அளவில் படித்திருக்க வேண்டும். அனாட்டமியும் ஃபிசியாலஜியும் பிரச்சினையே இல்லை. பிளஸ் டூவில் விழுந்து விழுந்து படித்த கெமிஸ்ட்ரி மட்டும் அங்கே செல்லாதாம். வெளிநாட்டுப் படிப்பை அமெரிக்க அளவில் மதிப்பிட்டுத் தரும் வெஸ் நிறுவனத்தின் அறிக்கையில் பாடவாரியாக கிரெடிட் போட்டு வாங்கினேன். அதில் 'பயோகெமிஸ்ட்ரி' என்றுதான் இருக்கிறது. சிலபஸை ஸ்கேன் செய்து, லேப் பக்கத்தில் மஞ்சள் கோடு போட்டு, அட்மிஷன் ஆபீஸுக்கு அனுப்பினேன். "லேபுடன் கூடிய ஜெனரல் கெமிஸ்ட்ரி வேண்டும்" என்று ஒற்றை வரியில் பதில். என் கல்லூரியில் கடிதம் கேட்டேன், மதிப்பெண் பட்டியலில் இருப்பதைத்தான் எழுதித் தர முடியும் என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். இயற்பியலுக்கு பயோமெக்கானிக்ஸ், எலெக்ட்ரோதெரபி பாடங்களைக் காட்டினேன், அதை எப்படியோ ஏற்றுக்கொண்டார்கள்.

மிச்சமிருப்பது, அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ் ஏதாவதொன்றில் ஆன்லைனில் படிப்பது. லேப் கிட்டை இந்தியாவுக்கு அனுப்ப மாட்டோம் என்கிறது நான் கேட்ட இடம். வீடியோ லேப் மட்டும் என்றால் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளுமா தெரியாமல் பணம் கட்டப் பயமாக இருக்கிறது.

இந்தியாவில் இருந்தபடியே லேபுடன் ஜெனரல் கெமிஸ்ட்ரி முடித்து, அதை அத்லெடிக் டிரெயினிங் முதுகலையில் ஏற்கவைத்தவர்கள் யாராவது இருந்தால், எந்தக் கல்லூரியில் படித்தீர்கள்?