டெல்லி பழைய நாடாளுமன்றம் மிதாவலி கோயிலைப் பார்த்துக் கட்டியதா?

மலைக்கோட்டை_ரவி:
அந்த ட்ரோன் போட்டோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இடப்பக்கம் டெல்லி பழைய நாடாளுமன்றம், வலப்பக்கம் மத்தியப் பிரதேசம் மொரேனா மாவட்டத்தில் இருக்கும் மிதாவலி யோகினி கோயில், அதாவது 64 யோகினிகள் என்ற பெண் தெய்வங்களின் கோயில். "வெள்ளைக்காரன் திருடியது" என்று கீழே ஒரு வரி. திருட்டு என்றெல்லாம் நான் சொல்லவில்லை. ஆனால் 11ஆம் நூற்றாண்டுக் கோயிலில் வட்டச் சுற்று, வரிசையாகச் சிற்றறைகள், நடுவில் மண்டபம். 1927இல் திறந்த கட்டடத்திலும் வட்டச் சுற்று, வரிசையாக 144 தூண்கள், நடுவில் மைய மண்டபம். இவ்வளவும் தற்செயலா? நம் பழைய கட்டடக்கலையின் தாக்கம் என்று ஒப்புக்கொள்வதில் என்ன கஷ்டம்?

வரைபலகை:
கஷ்டம் ஒன்றும் இல்லை ரவி சார், ஆதாரம் இருந்தால். இங்கே இருப்பது மேலிருந்து எடுத்த போட்டோ மட்டும். அந்த வட்டம் எப்படி வந்தது என்று பதிவே இருக்கிறது. புதுடெல்லியின் முதல் திட்டத்தில் இப்படி ஒரு கட்டடமே கிடையாது. 1919 சீர்திருத்தச் சட்டத்தில் பெரிய சட்டசபை வந்ததால்தான் தனியாக ஒன்று தேவைப்பட்டது. பொறுப்பு, புதுடெல்லியை வடிவமைத்த இரண்டு பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்களில் ஒருவரான ஹெர்பர்ட் பேக்கருடையது. அவர் முதலில் போட்டது வட்டம் இல்லை, மூன்று பக்கமும் கிளை நீளும் ஒரு பிளான். இன்னொருவரான எட்வின் லட்யன்ஸ்தான் ரோமாபுரிக் கொலோசியம் (பழைய விளையாட்டரங்கம்) மாதிரி வட்டமாக இருக்கட்டும் என்று மல்லுக்கட்டினார். 1920இல் கமிட்டி அவர் பக்கம் சாய்ந்தது, 1921 பிப்ரவரியில் அடிக்கல் போட்டார்கள். மிதாவலியைப் பார்த்து வரைந்ததாக இருவருமே எங்கும் சொன்னதில்லை.

உளிச்சத்தம்:
சொல்லவில்லை என்பதை ஆதாரமாக வைக்காதீர்கள். இந்தியாவில் கட்டடக்கலை என்று சொல்லும்படி ஒரு மரபே இல்லை என்கிற தொனியில் கடிதம் எழுதியவர் லட்யன்ஸ். அவர் வந்து "ஆமாம், ஒரு கோயிலைப் பார்த்துப் போட்டேன்" என்று கையெழுத்துப் போட்டுத் தருவாரா? இன்னொன்று. புதுடெல்லிக்குக் கல் வந்த இடங்களில் முக்கியமானது தோல்பூர். தோல்பூருக்கும் மொரேனாவுக்கும் நடுவில் இருப்பது சம்பல் ஆறு மட்டும்தான். கல் அங்கிருந்து வரும், வடிவம் மட்டும் வராதா?

வரைபலகை:
தோல்பூர் விஷயம் நல்ல பாயின்ட், கல்லுக்கு. ஆனால் தரைப்படம் கல்லோடு வண்டியேறி வருவதில்லையே. அது வரைபவர் மேஜையில் முடிவாவது.

சரி, ட்ரோனை இறக்கிவிட்டுத் தரையில் நின்று பாருங்கள். மிதாவலியில் குன்றேறிப் போனால் முதலில் எதிர்ப்படுவது மதில் மாதிரி ஒரு வெளிச்சுவர். தூண் வரிசை உள்ளே முற்றத்தைப் பார்த்து இருக்கிறது. சிற்றறைகள் எல்லாம் அதன் பின்னால், நடுவில் இருக்கும் சன்னதியை நோக்கி. முற்றம் திறந்தவெளி. ஒடிசாவில் ஹீராப்பூர், ஜபல்பூர் பக்கம் பேடாகாட் என மற்ற வட்ட யோகினி கோயில்களும் பொதுவாக இந்தப் போக்குதான். வெளியே மூடி, உள்ளே விரியும் கட்டடம்.

நாடாளுமன்றம் இதற்கு நேர் தலைகீழ். 27 அடித் தூண்கள் வெளிப்பக்கம், ஊரைப் பார்த்து. உள்ளே ஒரே முற்றமா என்றால் அதுவும் இல்லை. மூன்று அரைவட்ட அவைகள், இடையிடையே தோட்டம், நடுவில் குவிமாடத்தோடு மைய மண்டபம். சமஸ்தான மன்னர்களுக்கு ஓர் அவை, மேல்சபைக்கு ஒன்று, சட்டசபைக்கு ஒன்று. மூன்று அவைகளை ஒரு மண்டபத்தைச் சுற்றி வைக்க வேண்டிய தேவையில் பிறந்த தரைப்படம் அது. 64 யோகினிகளை ஒரு சன்னதியைச் சுற்றி வைத்த தரைப்படம் வேறு. மொட்டைமாடி மட்டும்தான் ஒத்துப்போகிறது, அதுவும் 1920இல் யாரும் பார்க்காத உயரத்திலிருந்து!

மலைக்கோட்டை_ரவி:
கொலோசியத்துக்கு மட்டும் தூண் அமைப்பு ஒத்துப்போகிறதா? அங்கே அடுக்கடுக்காக வளைவு வாசல்கள். வட்டம்கூட இல்லை, நீள்வட்டம். ரோம் என்றால் உடனே ஒப்புக்கொள்கிறோம், மொரேனா என்றால் பத்திரம் கேட்கிறோம்.

வரைபலகை:
ரோம் என்று ஒப்புக்கொள்வது வடிவத்தைப் பார்த்து இல்லை சார், அந்த வாதம் நடந்த பதிவைப் பார்த்து.

சாளரக்காற்று:
இரண்டு தரப்பும் வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். தாக்கம் வேண்டும் என்றால் பக்கத்திலேயே குடியரசுத் தலைவர் மாளிகை நிற்கிறதே. அதன் குவிமாடத்தைப் பாருங்கள். வெறும் அரைக்கோளமாக இருந்தால் ரோமின் பழைய பாந்தியன் கோயில் என்று விட்டுவிடலாம். ஆனால் அதன் அடியில், கழுத்துப் பகுதியைச் சுற்றிக் கல்லால் ஒரு வேலி ஓடுகிறது. நிற்கும் கால்கள், குறுக்கே கல் சட்டங்கள். சாஞ்சி ஸ்தூபத்தைச் சுற்றி இருக்கும் அதே வேதிகை. புதுடெல்லி எழுந்துகொண்டிருந்த அதே 1912–1919 காலத்தில்தான் தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷல் சாஞ்சியைச் சீரமைத்துக்கொண்டிருந்தார். அரசாங்கத்தின் கண்ணெதிரே நடந்த வேலை. வைஸ்ராய் ஹார்டிஞ்சும் இந்திய அம்சங்கள் வேண்டும் என்று விடாமல் நெருக்கினார்.

அப்புறம் சஜ்ஜா. நம் மேஸ்திரிகள் சன்ஷேடு என்பார்கள், கோயிலில் கொடுங்கை. அந்த மாளிகையைச் சுற்றி மெல்லிய கல் பலகை வெளியே நீண்டு ஓடுகிறது. மே மாத வெயிலில் அதன் கீழே சுவரில் விழும் நிழலைப் பார்த்தால் தெரியும், அது அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. லட்யன்ஸ் வாயால் இந்தியக் கலையை எவ்வளவு இளக்காரம் செய்தாலும், டெல்லி வெயில் அவரை அந்தப் பலகையை வைக்க வைத்தது. எனக்கு இதுதான் தாக்கம்.

உளிச்சத்தம்:
சாஞ்சி பற்றி லட்யன்ஸ் எழுதி வைத்தாரா என்று வரைபலகை இப்போது கேட்பார் பாருங்கள்.

வரைபலகை:
கேட்க மாட்டேன். அங்கே இருப்பது தற்செயலாக வராத ஒரு நுணுக்கம். வட்டம் யார் வரைந்தாலும் வட்டம்தான். வேதிகையை, அதுவும் குவிமாடத்தைச் சுற்றி, பார்க்காமல் யாரும் வைக்க முடியாது. மிதாவலியிலிருந்தும் அப்படி ஒன்றைக் காட்டுங்கள். ஒரு தூணின் தலைப்பகுதி, ஒரு விளிம்புச் செதுக்கல், எதுவானாலும் சரி. ஒப்புக்கொள்கிறேன்.

தாக்கம் வாங்கியதை மறைக்காதவர்களும் உண்டு. சென்னை அரசாங்கத்தில் கட்டடக்கலைஞராக இருந்த ராபர்ட் சிஸம் திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியகம் கட்டினார், 1880இல் முடிந்தது. கேரளத்துச் சரிந்த கூரை, முக்கோண முகப்பு எல்லாம் வெளிப்படையாகத் தெரியும். அங்கே யாரும் போட்டோவைப் பக்கத்தில் வைத்து வாதாட வேண்டியதில்லை.

மலைக்கோட்டை_ரவி:
நுணுக்கம் காட்டச் சொல்கிறீர்கள், நியாயம்தான். ஆனால் "இல்லவே இல்லை" என்று அடித்துச் சொல்வதற்கும் உங்களிடம் ஒன்றும் இல்லை. என் கேள்வி அப்படியே நிற்கிறது. எப்படியோ, இந்த போட்டோ வந்த பிறகுதான் மிதாவலி என்ற பெயரே பலருக்குத் தெரிந்தது. அதையும் கணக்கில் வையுங்கள்.

சாளரக்காற்று:
அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாடாளுமன்றத்தின் மூதாதை என்று சொன்னால்தான் அந்தக் கோயிலுக்கு மதிப்பா, ரவி அண்ணா? போனால் பக்கத்தில் படாவலியையும் பட்டேஸ்வரையும் விட்டுவிடாதீர்கள். பட்டேஸ்வரில் கல் குவியலாக விழுந்து கிடந்த சிறு கோயில்களைத் தொல்லியல் துறை கல் கல்லாகப் பொருத்தி நிமிர்த்தியிருக்கிறது. அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.