மாடி பாத்ரூம் தரை அமுங்குகிறது, டைல்ஸ் மேலேயே டைல்ஸ் ஒட்டலாமா?

திண்ணைவீடு (புதுச்சேரி):
ஈஸ்வரன் கோயில் வீதிப் பக்கம் எங்கள் வீடு. மாமனாரின் அப்பா காலத்து மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே செங்கல்லும் சுண்ணாம்பும். 1998இல் மாடியில் ஒரு மூலையைத் தடுத்து, நாலுக்கு ஆறடியில் பாத்ரூம் கட்டினார்கள். ஆறு மாதமாக கம்மோடுக்குப் பக்கத்தில் கால் வைத்தால் டைல்ஸ் ‘டொக்’ என்கிறது, லேசாக அமுங்கவும் செய்கிறது. கீழே அத்தையின் கட்டிலுக்கு நேர் மேலே பழுப்பு வட்டம். தினமும் காலையில் அண்ணாந்து பார்த்து, “நேத்து இட்லி அளவுதான் இருந்துச்சு, இன்னைக்கு தோசை” என்று சொல்லிவிட்டுத்தான் காபி குடிக்கிறார்.

மழைத் தண்ணீர் இல்லை. 2024 ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியபோதுகூட அந்த இடம் காய்ந்துதான் கிடந்தது. கொத்தனார், “உடைக்க வேணாம்மா, வாட்டர்ப்ரூஃப் அடிச்சு மேலேயே புது டைல்ஸ் ஒட்டிடலாம், மூணு நாள் வேலை” என்கிறார். செய்யலாமா?

கெடிலக்கரை (கடலூர்):
மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். பாத்ரூம் தரைக்கு அடியில் கான்கிரீட் பள்ளத்துக்குள் நிரப்பியிருந்த செங்கல் துண்டெல்லாம் ஊறிக் கிடந்தது, டிராப் (தரைத் தண்ணீர் வெளியேறும் வளைவுக் குழாய்) ஜாயின்ட் விட்டிருந்தது. அள்ளிப் போட்டுவிட்டு, 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் டைல்ஸ் போட்டோம். நீங்களும் டிராப்பை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் கட்டிப் பாருங்கள்.

சுண்ணாம்புக்கை (புதுச்சேரி):
அக்கா, தண்ணீர் கட்டும் வேலையே வேண்டாம். அது கான்கிரீட் தளத்துக்குச் சரி. 2 அங்குலத் தண்ணீர் என்றால் உங்கள் பாத்ரூமில் 100 கிலோவுக்கு மேல் ஏறும். முதலில் அத்தையின் கட்டிலை இன்றைக்கே நகர்த்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் பழைய வீடுகளில் வேலை பார்க்கிறவன். இந்த மாதிரித் தரையை மேலிருந்து பார்த்துப் பயனில்லை. ஏணி போட்டு, கறைக்குப் பக்கத்துக் கட்டைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், முக்கியமாகச் சுவருக்குள் நுழைகிற முனையை. ஈரம் அங்கேதான் தங்கும். நல்ல தேக்கு உள்ளே விடாது. காபியில் ஊறின ரஸ்க் மாதிரி இறங்கினால் கட்டை போயிற்று. கரையான் மண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொட்டு நீலம் போதும். கம்மோடில் நிறைய ஊற்றி ஃப்ளஷ் செய்யுங்கள். சுண்ணாம்புத் தளம் தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாகத்தான் விடும், ரெண்டு மூணு நாள் பொறுங்கள்.

கட்டை போயிருந்தால், கீழே பலகை வைத்து சவுக்கு முட்டுக் கொடுத்த பிறகே மேலே உடைக்க வேண்டும். புதுக் கட்டையைப் பழையதோடு ஒட்டிப் போட்டு போல்ட் அடிக்கலாம், அல்லது முழுசாக மாற்றலாம். முனையைச் சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள், கொஞ்சம் காற்று போகட்டும். டைல்ஸ் மேல் டைல்ஸ் என்பது அழுகின கட்டைக்கு மேல் இன்னும் பாரம் ஏற்றுவது. என்னைக் கேட்டால் பாத்ரூமைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோவதுதான் நல்லது. பழைய ஆட்கள் சும்மா ஒன்றும் அதை அங்கே வைக்கவில்லை.

திண்ணைவீடு:
மூன்று கட்டைகளைக் குத்திப் பார்த்தேன். ரெண்டு கல் மாதிரி இருக்கின்றன. மூன்றாவது சுவரோரம் ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் போய்விட்டது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்றாம் நாள் வட்டத்தின் ஓரத்தில் நீலம். கண்டுபிடித்தது அத்தைதான், ஹாலுக்கு மாறின பிறகும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். முட்டுக் கொடுத்தாயிற்று. கொல்லைக்கு மாற்ற இப்போது கையில் பணம் இல்லை. மாடி பாத்ரூமைப் பூட்டிவிட்டு, முதலில் கட்டையை மட்டும் பார்க்கிறோம். தேக்கு விலை தலையைச் சுற்றுகிறது. வேங்கை போடலாமா?

சுண்ணாம்புக்கை:
போடலாம். நன்றாகக் காய்ந்த மரமா என்று பார்த்து வாங்குங்கள். போல்ட் மட்டும் துருப்பிடிக்காத எஃகில் போடுங்கள் அக்கா, நம் ஊர்க் கடல் காற்று சாதா இரும்பைத் தின்றுவிடும்.